இரண்டு ஃபைல், ஐந்து நாள்: வெளிநாட்டு வேலைக்கு முன்னால் கடலூர், சிதம்பரம், புதுச்சேரி

ஆகஸ்ட் 4, 2025, திங்கள். மஞ்சக்குப்பம்

ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள். காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டுகிறது. பையில் இரண்டு ஃபைல். ஒன்று ஜெர்மனிக்குப் போகும் மெக்கானிக்கல் இன்ஜினீயர் தம்பியுடையது. இன்னொன்று துபாயில் ஒரு கட்டுமான கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேரப்போகும் நண்பருடையது. ஒரே மாவட்டம், ஒரே மாதத்தில் கைக்கு வந்த ஆஃபர் லெட்டர்கள். ஆனால் இரண்டு நாடும் கேட்கிற காகிதம் வேறு வேறு.

முதல் வேலை டிக்கெட்டோ விசாவோ இல்லை, பெயர்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பட்டம், பாஸ்போர்ட், ஆதார், பான், பிறப்புச் சான்று எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதினோம். துபாய் நண்பருக்கு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், பட்டத்தில் பின்னால். ஆதாரில் இனிஷியலே இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, பெயர் கட்டத்தில் அவர் பெயர் மட்டும்.

அந்தக் காலிக் கட்டத்தைச் சின்ன விஷயம் என்று விடக்கூடாது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. அவர் போவது வேலை விசாவில்தான். ஆனாலும் பிறகு மனைவியும் குழந்தையும் விசிட்டில் வரும்போது அவர்கள் பாஸ்போர்ட்டிலும் இதே கேள்வி எழும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். நம் வழக்கப்படி அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் விரித்து எழுதி மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்தால் 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். தட்கல் என்றால் அதற்கு மேல் 2,000. விசா வந்த பிறகு இதைச் செய்தால் விசாவும் வேலை ஒப்பந்தமும் பழைய பெயரில் நிற்கும். அதனால் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்பே முடிக்க வேண்டியது இது.

பழைய மார்க் ஷீட்டை இனி மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. இனிஷியல் விரிந்தது மட்டும்தான் வித்தியாசம் என்றால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் போட்டால் போதும். பெயரே மாறியிருந்தால்தான் அரசிதழ். தமிழ்நாட்டுக்காரர் தமிழ்நாடு அரசிதழிலும், புதுச்சேரிக்காரர் புதுச்சேரி அரசிதழிலும் வெளியிட வேண்டும்.

மதியம் இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது. அவருடைய பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் லேமினேட் செய்யப்பட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டில் செய்வதுதான் இது, பாதிப் பேர் வீட்டில் இருக்கும். அட்டெஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அரசு அலுவலகம் உறுதிசெய்யும் முத்திரையும் கையெழுத்தும், காகிதத்தின் பின்பக்கம் விழ வேண்டும். பிளாஸ்டிக் மேல் மை நிற்காது, அதனால் லேமினேட் செய்ததை வாங்க மாட்டார்கள். லேமினேஷன் தாளின் உள்பக்கம் ஒரு பசைப் படலம். சூட்டில் உருகிக் காகித இழைக்குள் இறங்கியிருக்கும். மூலையைக் கீறி இழுத்தால் பிளாஸ்டிக்கோடு அச்செழுத்தும் சேர்ந்து வரும். வீட்டில் இஸ்திரிப்பெட்டி வைத்துப் பிரிக்கப் பார்த்தவர்களின் சான்றிதழில் மதிப்பெண் கட்டங்கள் வெள்ளையாகிப் போனதைப் பார்த்திருக்கிறோம். இந்த மார்க் ஷீட்டை நாங்கள் தொடவில்லை. துபாய்க்குப் பெரும்பாலும் உயர்ந்த பட்டம் ஒன்று அட்டெஸ்ட் ஆனால் போதும். பன்னிரண்டாம் வகுப்பையும் கேட்டால் அரசுத் தேர்வுத் துறையில் இரண்டாம் படிக்கு விண்ணப்பிப்பதுதான் நல்லது.

சாயங்காலம் கெடிலம் பாலம் தாண்டித் திருப்பாதிரிப்புலியூரில் டீ, 15 ரூபாய். ஃபைலைப் பார்த்த கடைக்காரர், "எந்த ஊருக்கு தம்பி?" என்று கேட்டுவிட்டு, தன் மச்சான் சிங்கப்பூரில் இருபது வருஷம் இருந்த கதையைச் சொன்னார். இந்த மாவட்டத்தில் யாரிடம் பேசினாலும் ஒரு மச்சான் வெளிநாட்டில் இருப்பார். பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பக்கம் கேட்கவே வேண்டாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய். சிதம்பரம்

கடலூரிலிருந்து பஸ். முதுநகர், ஆலப்பாக்கம் தாண்டும்போது மேகம் கூடி, பு.முட்லூர் வந்ததும் வெயில் மறுபடி அடித்தது. நண்பர் எம்.காம். படித்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். பட்டம் உண்மையானது என்று பல்கலைக்கழகம் தருகிற மெய்த்தன்மைச் சான்றுதான் துபாய் வரிசையின் முதல் படி.

வரிசை இதுதான்: பல்கலைக்கழகத்தின் மெய்த்தன்மைச் சான்று, பிறகு சென்னைத் தலைமைச் செயலகத்தில் மாநில அரசின் அட்டெஸ்டேஷன், பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியாக அங்கே போய் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். ஒரு நாட்டின் ஒற்றைச் சான்று ஸ்டிக்கரை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கும் ஏற்பாடுதான் அப்போஸ்டில் உடன்பாடு. அமீரகம் அதில் இல்லை, அதனால்தான் இத்தனை முத்திரை. ஓமான், பஹ்ரைன், 2022 டிசம்பரிலிருந்து சவூதி, 2024 ஜனவரியிலிருந்து கனடா எல்லாம் உடன்பாட்டுக்குள் வந்துவிட்டன. அங்கே போகிறவர்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஸ்டிக்கரோடு முடிந்தது. தூதரகத்துக்கு நடக்கத் தேவையில்லை. வளைகுடா என்றாலே தூதரக முத்திரை என்று பழைய கணக்கில் பணம் வாங்குகிற இடைத்தரகர்கள் இன்னும் இருக்கிறார்கள். சவூதிக்குப் போகிறவர் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

கவுன்டரில் ஃபைலைத் திறந்ததும் எங்கள் பயணம் நின்றது. நண்பரிடம் இருந்தது தற்காலிகச் சான்று மட்டுமே. பட்டமளிப்புக்குப் போகாதவர், பட்டச் சான்றிதழை வாங்காமலே பத்து வருஷம் வேலை பார்த்திருக்கிறார். உள்ளூர் கம்பெனிகள் தற்காலிகச் சான்றிலேயே எடுத்துக்கொண்டன. வெளிநாட்டு அட்டெஸ்டேஷனுக்கு அது செல்லாது. கவுன்டர் அம்மா பொறுமையாக, "இதுக்கு முதல்ல டிகிரி வாங்குங்க சார், அதுக்கப்புறம்தான் இது" என்று விண்ணப்பத்தை நீட்டினார். அப்பளம் போல நொறுங்கியது எங்கள் அட்டவணை. வேலை மாறும் எண்ணம் வந்த அன்றே பார்க்க வேண்டியது இந்த ஒரு தாளைத்தான். ஒப்புதல் வந்த பிறகு தேடினால் சேரும் தேதி தள்ளிப்போகும்.

வெயிலில் நடந்து கீழவீதிப் பக்கம் சாப்பாடு. சிதம்பரத்துக் கத்தரிக்காய் கொத்சு, இட்லியோடு. கத்தரிக்காயைச் சுட்டு மசித்து, வறுத்து அரைத்த தனியாவும் மிளகாயும் போட்டுப் புளி விட்டது. இரண்டு பேருக்கு 140 ரூபாய். மனசு கொஞ்சம் ஆறியது.

ஆகஸ்ட் 6, புதன். புதுச்சேரி

கடலூர்–புதுச்சேரி தனியார் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலே நல்ல நாள். கன்னியக்கோயில் தாண்டினால் யூனியன் பிரதேசம். இந்த எல்லைக்கோடு கடலூர்க் குடும்பங்களின் ஃபைலுக்குள்ளும் ஓடுகிறது. நம் ஊர்ப் பெண்கள் பலர் பிரசவத்துக்கு ஜிப்மர் போகிறார்கள். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், பெற்றோர் எங்கே குடியிருந்தாலும். ஜிப்மரில் பிறந்த கடலூர்க் குழந்தைக்குச் சான்று தருவது உழவர்கரை நகராட்சி. துபாய் நண்பரின் மகளுக்கு அப்படித்தான். அவருடைய திருமணச் சான்று தமிழ்நாட்டுடையது. பட்டத்துக்கும் திருமணத்துக்கும் சென்னை முத்திரை, பிறப்புச் சான்றுக்குப் புதுச்சேரி அரசின் முத்திரை. மூன்றையும் ஒரே கட்டாகச் சென்னைக்கு அனுப்பினால் ஒன்று கண்டிப்பாகத் திரும்பி வரும்.

குடும்பத்தை அங்கே அழைத்துக்கொள்ள அவர் சம்பளம் மாதம் 4,000 திர்ஹாம் இருக்க வேண்டும், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும். மனைவிக்குத் திருமணச் சான்றும் குழந்தைக்குப் பிறப்புச் சான்றும் அட்டெஸ்ட் ஆகி இருக்க வேண்டும். கோயிலில் கல்யாணம் முடித்துப் பதிவு செய்யாதவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும்.

ஜெர்மனித் தம்பிக்கு வேறு விதச் சிக்கல், புதுச்சேரிக்கே உரியது. அப்பா புதுச்சேரிக்காரர். முருகன் என்கிற பெயரைப் பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கப்படி எம், ஓ, யு, ஆர், ஓ, யு, ஜி, ஏ, என், இ என்று எழுதியிருக்கிறார்கள். தம்பியின் பிறப்புச் சான்றில் அப்பா பெயர் அந்த எழுத்துக்கூட்டலில். கடலூரில் படித்த பள்ளிச் சான்றில் எம், யு, ஆர், யு, ஜி, ஏ, என். குமார் என்பதற்கும் இங்கே சி, ஓ, யு என்று தொடங்குவார்கள். தமிழில் இரண்டும் ஒரே பெயர்தான். ஐரோப்பிய அலுவலரின் கணினிக்கு இரண்டு மனிதர்கள். தம்பிக்கு அப்பா பெயர்தான் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்பதால் இது நேராக அவர் பெயரிலேயே விழுகிறது. பாஸ்போர்ட்டில் எந்த எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதையே தலைமையாக வைத்து, மற்றொன்றுக்கு உறுதிமொழிப் பத்திரம் போட்டோம்.

ஜெர்மனிக்கு அப்போஸ்டில் வேண்டுமா என்று நகராட்சி வாசலில் ஒருவர் எங்களை மடக்கினார். ஒரு தாளுக்கு 4,000 ரூபாய் சொன்னார். வேண்டாம். இந்தியா 2005-இல் அந்த உடன்பாட்டுக்குள் வந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இந்திய அப்போஸ்டில் ஜெர்மனியில் செல்லாது. சந்தேகம் வந்தால் அவர்களே தூதரகம் வழியாக இங்கே ஆள் வைத்துச் சரிபார்ப்பார்கள். செல்லாத ஸ்டிக்கருக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் பணம் கட்டுவதைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டிலுக்கு வாங்கும் கட்டணமே 50 ரூபாய்தான். மற்றதெல்லாம் ஏஜென்சிக் கூலி.

தம்பிக்கு உண்மையில் வேண்டியது வேறு. வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் அனாபின் என்கிற ஜெர்மன் தரவுத்தளத்தில் பல்கலைக்கழகத்துக்கு எச் பிளஸ், அதாவது அங்கீகரிக்கப்பட்டது என்ற தரம் இருக்க வேண்டும், பட்டமும் அதில் பொருந்த வேண்டும். பலர் தங்கள் கல்லூரிப் பெயரைத் தேடி, இல்லை என்று பயந்துவிடுகிறார்கள். பட்டம் தருவது பல்கலைக்கழகம், அதைத்தான் தேட வேண்டும். கிடைத்த இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து ஃபைலில் வைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வெளிநாட்டுக் கல்வியை மதிப்பிடும் இசட்.ஏ.பி. என்ற ஜெர்மன் அலுவலகத்தில் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். கட்டணம் 200 யூரோவைத் தாண்டும். பட்டதாரிகள் அங்கே வேலை செய்து தங்குவதற்கான அனுமதியான புளூ கார்டுக்கு 2025-இல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோ. இன்ஜினீயர் போன்ற ஆள் பற்றாக்குறைப் பணிகளுக்கு 43,759.80. ஆஃபர் லெட்டரில் போனஸ் சேர்த்துத்தான் அந்தத் தொகை வருகிறது என்றால் கவனம் வேண்டும். நிச்சயமாகக் கைக்கு வரும் மொத்தச் சம்பளமாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். புளூ கார்டுக்காரரின் மனைவி ஜெர்மன் மொழிச் சான்று காட்டத் தேவையில்லை, வந்த நாளிலிருந்து வேலையும் செய்யலாம். வேறு விசாவைவிட இதற்கு இது பெரிய வசதி.

மாலை கடற்கரைச் சாலையில் திடீர் மழை. ஒதுங்கிய கடை ஓரத்தில் ஒரு பாட்டி, "ஃபைல் நனையுது பாரு தம்பி" என்று தன் பூக்கூடை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வரலட்சுமி விரதம், பூ விலை ஏறிக்கிடக்கிற நேரம். பூ நனைந்தாலும் பரவாயில்லை என்றார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு முழம் வாங்கினோம். பேரம் பேச மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன். கடலூர்

வங்கி, ஆர்.டி.ஓ., செல்போன் கடை. அலைச்சல் அதிகம், எழுத வேண்டியது கொஞ்சம்.

வேலைக்காக வெளிநாடு போனதும் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். இங்கே வரும் வாடகை, வட்டி அதில் விழும். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை, பணத்தைத் தடையில்லாமல் திரும்ப எடுத்துப் போகலாம். பழைய பி.பி.எஃப். முதிர்வு வரை ஓடலாம், புதிதாகத் திறக்க முடியாது.

வருமான வரிக்குக் கிளம்பும் தேதி முக்கியம். வேலைக்காகப் போகிறவர் அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் வெளிநாடுவாழ் இந்தியர். ஏப்ரல் 1 முதல் எண்ணினால் செப்டம்பர் 28 அன்று 181 நாள். தம்பியின் சேரும் தேதி அக்டோபர் 1. விமானம் செப்டம்பர் 27-க்கா 30-க்கா என்று யோசித்துக்கொண்டிருந்தார். 27 என்று முடிவானது.

ஓ.டி.பி. வருகிற சிம் செத்தால் எல்லாம் முடங்கும். ஆதார், வங்கி, பி.எஃப். எல்லாம் அந்த எண்ணில்தான். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் முடக்கிவிடக்கூடும். எனவே சின்ன ரீசார்ஜ் தொடர வேண்டும். ரோமிங்கை இங்கேயே இயக்கி வைக்க வேண்டும். போன பிறகு இயக்க நினைத்தால் அதற்கும் ஓ.டி.பி. கேட்கும்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்குப் படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். ஜெர்மனியில் குடியேறி ஆறு மாதம் வரைதான் நம் லைசென்ஸ். பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் உண்டு. போலீஸ் நன்னடத்தைச் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா வழியாக 500 ரூபாய். வேலை தருகிறவர் கேட்டால் மட்டும் எடுத்தால் போதும்.

துபாய் நண்பருக்கு ஒரு மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னோம். அங்கே இறங்கியதும் காசநோய்க்கு எக்ஸ்ரேயும் எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனையும் கட்டாயம். நுரையீரலில் பழைய தழும்பு இருந்தால் இப்போதைய வேலையை ராஜினாமா செய்யும் முன் தெரிந்துகொள்வது நல்லது. இன்னொன்றும் பார்த்தோம்: ஆஃபரில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று. வேலையை விடும்போது வரும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தில்தான், முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள், அதற்கு மேல் 30 நாள். மொத்தம் 6,000 திர்ஹாம் என்று சொல்லி அடிப்படை 2,000 போட்டிருந்தார்கள். அதை 3,000 ஆக்கித் தரக் கேட்டுக் கடிதம் போனது. ஆள் எடுக்கும் செலவை வேலைக்காரரிடம் வாங்க அந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. நம் பக்கத்தில் உரிமம் பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி. முதுநகர் துறைமுகம்

பெட்டி கட்டும் நாள். கருவாடு அனுப்ப வேண்டும், நெய் அனுப்ப வேண்டும், கறிவேப்பிலை அனுப்ப வேண்டும் என்கிறார் தம்பியின் அம்மா. மூன்றுக்கும் மூன்று பதில்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. நெய் போத்தலும் பன்னீரும் விமான நிலையத்திலேயே குப்பைக்குப் போகும். மீனுக்கு வேறு விதி. பதப்படுத்திய மீன் 20 கிலோ வரை அனுமதி, கருவாடு அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும், அது நடக்காத காரியம். நிழலில் உலர்த்திப் பொடித்தால் போகும். பண்ருட்டி முந்திரி தாராளமாகப் போகும். தினமும் சாப்பிடும் மாத்திரை மூன்று மாதத்துக்கு, மருத்துவர் சீட்டோடு. துபாய்ப் பெட்டியில் கசகசா ஒரு சிட்டிகைகூட இருக்கக் கூடாது, அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வரும். குருமாப் பொடி, கரம் மசாலாப் பாக்கெட் எதில் கசகசா அரைத்திருக்கிறது என்று வீட்டில் கேட்டு எடுத்துவிட வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்தும் வேண்டாம்.

மீன்பிடித் தடை ஜூன் 14-இல் முடிந்ததால் கருவாடு புதுசு. நெத்திலி கிலோ 400 சொன்னார் வியாபாரி அக்கா. வெளிநாடு என்று தெரிந்ததும், "அப்ப இதுல ஈரம் இருக்கு, வேணாம். நாளைக்கு ரெண்டு வெயில் காட்டித் தரேன், அப்ப வா" என்று தட்டையே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். ஈரம் இருந்தால் பாக்கெட்டில் வேர்த்துப் பூசணம் பிடிக்கும், வாடையும் பெட்டி முழுக்கப் பரவும். நன்றாகக் காய்ந்ததை மண் போக உதறி, அரைக் கிலோ அரைக் கிலோவாக வாக்குவம் பாக்கெட்டில் இரட்டையாகப் போட்டு, நடுவில் பழைய செய்தித்தாள் சுற்ற வேண்டும்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் ஜெர்மனியின் முதல் இரண்டு வாரத்தைப் பற்றிப் பேசினோம். வீட்டு வாடகையில் குளிர் வாடகை, சூடு வாடகை என்று இரண்டு. சூடாக்கும் செலவும் பராமரிப்பும் சேர்ந்தது இரண்டாவது. முன்பணம் குளிர் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்க முடியாது. பல வீட்டில் சமையலறை வெறும் சுவராக இருக்கும், அடுப்பும் தொட்டியும் நாமே வாங்கிப் போட வேண்டும். விளம்பரத்தில் அதைப் பார்க்க வேண்டும். தனி ஆளுக்குச் சம்பளத்தில் வரியும் காப்பீடுமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்தம்.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரி பதிய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளோடு. அந்தப் பதிவு இல்லாமல் வரி எண் வராது. வரி எண் தபாலில்தான் வரும், வங்கியின் ரகசிய எண்ணும் தபாலில்தான். தபால்காரர் வீட்டு எண்ணைப் பார்ப்பதில்லை, தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்க்கிறார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். போன வருஷம் போன ஒருவருக்கு வரி எண் இரண்டு முறை திரும்பியது. தன் பெயரை ஒட்டியிருந்தார், கடிதம் வந்ததோ பாஸ்போர்ட்டில் உள்ள அப்பா பெயரில்.

மஞ்சக்குப்பத்தில் ஸ்டிக்கர் அடிக்கும் கடையில் தம்பி தபால் பெட்டிக்குப் பத்து பெயர் ஸ்டிக்கர் வாங்கினார், 60 ரூபாய். கடைக்காரர் தமிழ் வழக்கப்படி இனிஷியலோடு அடிக்கப் பார்த்தார். பாஸ்போர்ட்டை விரித்து வைத்து, அப்பா பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னோம்: எம், ஓ, யு, ஆர், ஓ, யு.

துபாய் ஃபைல் சிதம்பரத்துப் பட்டத்துக்காகக் காத்திருக்கிறது. அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும்.